ஆயிரத்து முந்நூற்று முப்பது

நமது கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தார் வெளியிடும் இவ்விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபொழுது, தமிழாசிரியராகிய நாம் இலக்கியச் சுவை பற்றியோ இலக்கண நுட்பம் பற்றியோ எழுதுவோம் என்றே அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். நாமோ ஓர் எண்ணைப் பற்றி எழுதத் துணிந்தோம். தமிழாசிரியருக்குக் கணக்கில் என்ன வேலை என்று வினவுவார்க்கு ஒரு விடை உண்டு. எழுத்தைக் கொண்டு எண்ணைக் கையாளும் கணிதப் பகுதிக்கு எமது பாடநூல்கள் வழங்கும் பெயர் அட்சரகணிதம் என்பது. அட்சரம் எழுத்து, கணிதம் எண். இரண்டும் ஒரு சொல்லில் ஒட்டி வாழ்கின்றன. திருவள்ளுவரும் கல்வி என்னும் அதிகாரத்தில் இவ்விரண்டையும் உயிர்களுக்கு இரு கண்களாகவே வைத்துப் பேசினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோக்க முயல்பவன் படும் பாட்டை யாவரும் அறிவர்.

நாம் எடுத்துக்கொண்ட எண் 1330. திருக்குறளின் தொகை அது. அதிகாரங்கள் 133, அதிகாரம் ஒன்றுக்குக் குறள் பத்து. இதனை அறியாத மாணவன் நமது கல்லூரியில் இலன். ஆயினும், 1330 என்பதனைக் குறட்பாக்களின் தொகையாக அறிந்தவர் பலர். ஓர் எண்ணாக அறிந்தவர் மிகச் சிலர். ஒருவரை அவர் வகிக்கும் உத்தியோகத்தால் அறிவது வேறு. அவர்தம் குணத்தால் அறிவது வேறு அன்றோ?

இவ்வெண்ணின் குணத்தை ஆராயும்படி எம்மைத் தூண்டியவன் ஒரு மாணவன். சில ஆண்டுகளுக்கு முன் தமிழ்மொழித் தினப் பேச்சுப் போட்டிக்கு ஆயத்தஞ் செய்துகொண்டிருந்த அவன், யாரோ எழுதிக் கொடுத்த பேச்சொன்றை எம்மிடம் கொண்டுவந்தான். வள்ளுவர் பதினொன்றின் கனத்தைக் கணித்து, அதில் ஒன்றை இறைவனுக்கென ஒதுக்கி, எஞ்சியவற்றையே குறள்களாக இயற்றினார் என்றும், உலகம் அறியாத கணிதத்தை அவர் தம் நூலுள் மறைத்து வைத்தார் என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. படித்து முடித்ததும் அவன், “சேர், இது உண்மையோ?” என்றான். “கணக்கு உண்மையோ என்று முதலிற் பார்ப்போம், கதை உண்மையோ என்று பிறகு பார்ப்போம்” என்றோம். எம்முடன் பணியாற்றும் கணித ஆசிரியரும் துணைக்கு வந்தார். அன்று தொடங்கிப் பல மாலைப் பொழுதுகளில் நாம் மூவரும் கண்டவற்றைத் தொகுத்து இங்கே தருகின்றோம்.

முதற்கண் காரணிகளை நோக்குவோம். 1330 ஐ முதன்மை எண்களாகப் பிரித்தால் 2 × 5 × 7 × 19 என வரும். நான்கும் வெவ்வேறானவை, எதுவும் இருமுறை வரவில்லை. இந்நான்கில் ஒவ்வொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம் அல்லது விட்டுவிடலாம் ஆதலால், 2 × 2 × 2 × 2, அஃதாவது 16 காரணிகள் உண்டாகின்றன. சோடி சோடியாக எழுதினால் அவை 1, 1330, 2, 665, 5, 266, 7, 190, 10, 133, 14, 95, 19, 70, 35, 38 என எட்டுச் சோடிகளாக அமையும். 1330 ஐ நீக்கி ஏனைய பதினைந்தையும் கூட்டினால் 1550 வரும். 6, 28 போன்ற எண்களுக்கு இவ்வாறு கூட்டிய தொகை அவ்வெண்ணுக்கே சமமாகும். அவற்றை நிறைவான எண்கள் என்பர். நமது எண்ணோ தன்னிலும் 220 மிகுதியாகக் கொடுக்கின்றது. வள்ளல் என்றே அதனைக் கூறலாம்.

இனி, பேச்சிலே கூறப்பட்ட கனம். பதினொன்றைப் பதினொன்றாற் பெருக்கி, வருவதை மீண்டும் பதினொன்றாற் பெருக்கினால் 1331. அதில் ஒன்று குறைந்தால் 1330. கணக்கிற் பிழையில்லை. இதன் அழகு பத்தும் நூற்று முப்பத்துமூன்றும் அதிலிருந்து பிறக்கும் முறையில் உள்ளது. ஒரே அளவான சிறு மரக்கட்டைகள் 1331 கொண்டு, நீளம் 11, அகலம் 11, உயரம் 11 ஆக ஒரு சதுரக் குவையை அடுக்கியதாகக் கொள்வோம். ஒரு தட்டில் 121 கட்டைகள் இருக்கும். பதினொரு தட்டுகளில் பத்தை எடுத்துவிடுவோம். எஞ்சிய ஒரு தட்டில் பதினொரு வரிசைகள். அவற்றிற் பத்தை எடுத்துவிடுவோம். எஞ்சிய ஒரு வரிசையிற் பதினொரு கட்டைகள். அவற்றிலும் பத்தை எடுத்துவிடுவோம். கீழே தனித்து நிற்பது ஒரு கட்டை. எடுத்தவை பத்து முறை 121, பத்து முறை 11, பத்து முறை 1. ஒன்றாகச் சேர்த்தால் பத்து முறை 133. எனவே 10 × 133 என்னும் பெருக்கம், பதினொன்றின் கனத்தில் ஒன்று குறைந்தமையால் தானே விளைந்ததாகும். மாணவன் கட்டைகளுக்குப் பதிலாகக் கொப்பியிற் கட்டம் வரைந்து பார்த்தான். ஒன்று எஞ்சுவதைக் கண்டு அவன் முகம் மலர்ந்தது.

மூன்றாவது குணம் எமக்கு எல்லாவற்றினும் இனிப்பது. பழக்கடைகளில் தோடம்பழங்களைக் கூர்ங்குவியலாக அடுக்கி வைத்திருத்தலைக் கண்டிருப்பீர்கள். அடித்தட்டை முக்கோண வடிவாக அமைத்து அடுக்கினால், உச்சியில் ஒரு பழம், அதன்கீழ் 3, அதன்கீழ் 6, பின்னர் 10, 15, 21 என விரிந்து செல்லும். இவை முக்கோண எண்கள். இவ்வாறு பத்தொன்பது தட்டுகள் அடுக்கினால் அடித்தட்டில் 190 பழங்கள் இருக்கும். முழுக் குவியலில் இருப்பவை சரியாக 1330. அடித்தட்டு முழுமையில் ஏழிலொரு பங்கு என்பதும் நோக்கற்பாலது.

இதே எண் வகுப்பறையிலும் தோன்றும். இருபத்தொரு மாணவர் உள்ள வகுப்பில் மூவர் கொண்ட விவாத அணியொன்றைத் தெரிவு செய்ய எத்தனை வழிகள் உண்டு? மாணவரை உயர வரிசையில் நிறுத்துவோம். அணியின் மிக உயர்ந்தவன் வரிசையில் மூன்றாமவன் ஆயின், அவனிலும் குட்டையான இருவரே மற்றையோர், வழி ஒன்று. நான்காமவன் ஆயின், குட்டையான மூவரில் இருவரைத் தெரிய வேண்டும், வழி மூன்று. ஐந்தாமவன் ஆயின் வழி ஆறு. இவ்வாறே சென்று இருபத்தோராமவன் ஆயின் வழி 190. ஒன்று, மூன்று, ஆறு என்று தொடங்கி 190 இல் முடியும் இவ்வரிசை தோடம்பழத் தட்டுகளின் வரிசையே. ஆகவே தெரிவு செய்யும் வழிகளும் 1330. காலைக் கூட்டத்தில் மூவர் சேர்ந்து ஒரு குறளை ஓதுவதாகவும், ஒருமுறை சேர்ந்த மூவர் மறுமுறை அவ்வாறே சேராதிருப்பதாகவும் கொண்டால், இருபத்தொரு மாணவர் திருக்குறள் முழுவதையும் ஓதி முடிக்கலாம். ஓர் அணியும் எஞ்சாது, ஒரு குறளும் எஞ்சாது.

இக்குவியற் கணக்கிற்கு ஒரு சூத்திரம் உண்டு. தட்டுகளின் எண்ணிக்கை, அதற்கடுத்த எண், அதற்கும் அடுத்த எண் ஆகிய மூன்றையும் பெருக்கி ஆறால் வகுக்க வேண்டும். 19 × 20 × 21 = 7980; ஆறால் வகுக்க 1330. கி.பி. 499 இல் இயற்றப்பட்ட ஆரியபட்டீயத்திலே இச்சூத்திரம் உள்ளது. தட்டுகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி, அதன் கனத்திலிருந்து அதனையே கழித்து ஆறால் வகுக்கும் மாற்று வழியையும் ஆரியபட்டர் அங்கே கூறியுள்ளார். இருபதின் கனம் 8000, இருபதைக் கழிக்க 7980, விடை அதுவே. முன்னோர் அறிவைப் போற்ற விரும்புவார்க்கு இஃது ஒரு நல்ல இடம். ஏனெனில், நூல் உண்டு, ஆண்டு உண்டு, சூத்திரம் உண்டு.

தமிழாசிரியருக்கே உரிய ஒரு செய்தியையும் இங்குக் கூறாதிருத்தல் இயலாது. நமது எண்ணின் அயலதாகிய 1331 ஐ நோக்குக: ஒன்று, மூன்று, மூன்று, ஒன்று. யாப்பிலக்கணத்தில் நேரசை நிரையசை என்னும் இரண்டைக் கொண்டு அமையும் மூவசைச் சீர்கள் எட்டு. அவற்றுள் நிரையே இல்லாதது தேமாங்காய், ஒன்று. ஒரு நிரை உடையவை புளிமாங்காய், கூவிளங்காய், தேமாங்கனி, மூன்று. இரு நிரை உடையவை கருவிளங்காய், புளிமாங்கனி, கூவிளங்கனி, மூன்று. மூன்றும் நிரையானது கருவிளங்கனி, ஒன்று. பத்தும் ஒன்றும் சேர்ந்த பதினொன்றைக் கனமாக்கும்போதும் இதே தெரிவுதான் நிகழ்கின்றது. மும்முறையும் பத்தையோ ஒன்றையோ எடுக்கின்றோம். நேர் நிரை என்று மாணவர் அலகிடும்பொழுது தம்மையறியாமலே கணிதஞ் செய்கின்றனர் என்பதை இதனால் அறியலாம். எனினும் இதனைக் குறளோடு முடிச்சுப்போட இயலாது. குறள் வெண்பா, வெண்பாவிற் கனிச்சீர் வாராது. எட்டில் நான்கே அங்கு வரும்.

இதுகாறும் கூறியவை எண்ணின் உடலைச் சேர்ந்த குணங்கள். எண்ணுக்கு உடை என்றும் ஒன்று உண்டு. அதுவே நாம் அதனை எழுதும் முறை. 1330 இன் இலக்கங்களைக் கூட்டினால் ஏழு, 133 இன் இலக்கங்களைக் கூட்டினாலும் ஏழு, குறளின் சீர்களும் ஏழு என்று மேடைகளில் வியந்து கூறக் கேட்டிருக்கின்றோம். 133 ஐப் பத்தாற் பெருக்கினால் ஒரு பூச்சியம் சேர்கின்றதேயன்றி இலக்கங்களின் கூட்டுத்தொகை மாறுவதில்லை. ஆகவே ஒரே செய்தியை இருமுறை எண்ணிவிட்டோம். இலக்கங்களை மேலும் மேலும் கூட்டி ஓரிலக்கமாக்கினால், அடுத்தடுத்து வரும் எந்த ஒன்பது எண்களிலும் ஒன்றுக்கு ஏழு வந்தே தீரும். மேலும், ஏட்டுச் சுவடிகளில் வழங்கிய பழந்தமிழ் முறையில் இவ்வெண் ௲௩௱௩௰ என எழுதப்படும். ஆயிரம், மூன்று, நூறு, மூன்று, பத்து என்னும் ஐந்து குறிகள்; பூச்சியம் அங்கு இல்லை. பத்துக்குப் பதிலாகப் பதினொன்றை அடியாகக் கொண்டு எழுதினாலோ 133 என்பது 111 ஆகும். அதன் இலக்கங்களின் கூட்டுத்தொகை மூன்று. ஏழு எங்கே போயிற்று? உடையை மாற்ற அதுவும் மறைந்தது. ஆயின், 1330 ஐ ஏழு மீதியின்றி வகுக்கும் என்பதோ எந்த முறையில் எழுதினாலும் மாறாது. அஃது உடலின் குணம்.

இனி, மாணவனுக்கு நாம் வாக்களித்த இரண்டாவது ஆராய்ச்சிக்கு வருவோம். கணக்கு உண்மை, கதை உண்மையோ?

அவ்விடையை நாம் கூறுமுன் அவனே ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தான். திருக்குறளின் முப்பாலில் அறத்துப்பாலுக்கு அதிகாரம் 38, பொருட்பாலுக்கு 70, காமத்துப்பாலுக்கு 25. காரணிப் பட்டியலிற் பார்த்தால் 38 உண்டு. 70 உம் உண்டு. அவன் முதலில் மகிழ்ந்தான். பின்னர் 25 ஐத் தேடினான். அது பட்டியலில் இல்லை. 1330 ஐ 25 ஆல் வகுத்தால் ஐந்து மீதி வருகின்றது. “சேர், இரண்டைச் சொல்லி மூன்றாவதை விட்டால் அது பொய்தானே?” என்று கேட்டான். பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகின்றோம். எமது வகுப்பறையில் நாம் கேட்ட மிகச் சிறந்த வினாக்களுள் அதுவும் ஒன்று. பதினாறு காரணிகள் உடைய எண்ணிலே விரும்பியதைத் தேடினால் எதுவோ ஒன்று கிடைக்கவே செய்யும். கிடைத்ததைக் கூறி, கிடையாததை மறைத்தால், எந்த நூலிலும் எந்த மறைபொருளையும் காட்டிவிடலாம்.

கனத்தின் கதையையும் அவ்வாறே சோதித்தோம். வள்ளுவர் பதினொன்றின் கனத்தை உட்கொண்டே நூலைப் பகுத்தார் எனின், 133 அதிகாரங்களும் 121, 11, 1 என்ற பகுப்பின் சாயலையேனும் காட்டல் வேண்டும். நூலின் பகுப்போ பொருள் பற்றியது. பரிமேலழகர் வழியில், அறத்துப்பாலிற் பாயிரம் 4, இல்லறம் 20, துறவறம் 13, ஊழ் 1. சொல்லவேண்டிய பொருள் எத்துணையோ அத்துணை அதிகாரம் என்பதே அதன் முறையாகத் தோன்றுகின்றது. கனத்தை எண்ணினார் என்பதற்கு நூலுள் ஒரு சான்றும் இல்லை.

மாணவன் தன் பேச்சை மாற்றிக்கொண்டான். எண்ணின் அழகுகளை எல்லாம் எடுத்துக் கூறி, “இவை எண்ணின் பெருமை; இவற்றை வள்ளுவர் கூறினார் என்று நான் கூறேன்” என்ற வசனத்தைச் சேர்த்தான். போட்டியில் அவனுக்கு இரண்டாமிடமே கிடைத்தது. நிகழ்ச்சி முடிந்தபின் பெரியவர் ஒருவர் எம்மைத் தனியே அழைத்து, “தமிழாசிரியராயிருந்துகொண்டு வள்ளுவரின் புகழைக் குறைக்கலாமோ, தம்பி? பெடியன் அந்த ஒரு வசனத்தைச் சொல்லாமல் விட்டிருக்கலாமே” என்றார். அவர் தமிழை நேசிப்பவர். அவரது மனவருத்தமும் மெய்யானது. ஆதலால் அவருக்கு அன்று நாம் கூறிய விடையைச் சற்று விரித்து இங்கே பதிவு செய்கின்றோம்.

இராமானுசன் 1729 என்னும் எண்ணைப் பற்றிக் கூறியது உலகப் பிரசித்தமானது. ஈரோட்டிலே 1887 இல் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த அவர், இங்கிலாந்தில் நோயுற்றிருந்த காலத்தில், தம்மைக் காண வந்த பேராசிரியர் ஹார்டி தாம் ஏறிவந்த வாடகை வண்டியின் இலக்கம் சிறப்பற்றது என்று கூற, அதனை மறுத்து, இரு கனங்களின் கூட்டுத்தொகையாக இருவேறு வழிகளில் எழுதத்தக்க எண்களுள் அதுவே மிகச் சிறியது என்றார். ஒன்றின் கனமும் பன்னிரண்டின் கனமும் சேர்ந்தாலும், ஒன்பதின் கனமும் பத்தின் கனமும் சேர்ந்தாலும் 1729 வரும். இதனை இராமானுசன் அறிந்திருந்தார் என்று நாம் தலைநிமிர்ந்து கூறலாம், ஹார்டியே சாட்சி. ஆரியபட்டர் குவியற் கணக்கை அறிந்திருந்தார் என்றும் கூறலாம். அவரது நூலே சாட்சி. சாட்சி உள்ள இடத்திற் பெருமை கொள்வோம். சாட்சி இல்லாத இடத்திலும் அதே குரலிற் பேசுவோமாயின், கேட்பவன் இரண்டையும் ஒரே தராசில் இட்டு, மெய்யையும் பொய்யென்று தள்ளிவிடுவான். அப்பொழுது இழப்பு யாருக்கு? வள்ளுவருக்கன்று, நமக்கே. அவர் நூல் வாய்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்தது. சொன்னவர் யார் என்று பாராது சொல்லின் உண்மையை ஆராயுமாறு அறிவுடைமை அதிகாரத்திற் கற்பித்தது. அந்நூலைப் போற்றுதற்கு ஒரு பொய்யைத் துணை கொள்வது, கோயிலுக்குக் களவெடுத்த பூவைச் சாத்துவது போலாகும்.

எமக்கு இதில் இத்துணை அழுத்தம் ஏன் என்பதற்கு ஒரு காரணமும் உண்டு. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபொழுது எமக்கு வயது பதினான்கு. புத்தகங்கள் வீட்டிலே தங்கிவிட்டன, கொப்பிகளும் தங்கிவிட்டன. பிறர் வளவில், மாமர நிழலில், ஆசிரியர் ஒருவர் எம் போன்ற பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் படிப்பித்தார். கரும்பலகை இல்லை, மணலிலே விரலால் எழுதினோம். அன்று எம்மிடம் எஞ்சியிருந்தவை நெஞ்சிற் பதிந்த குறள்களும் மனத்தாற் செய்யும் கணக்குகளுமே. சுமக்கப் பாரமில்லாதவை அவை இரண்டுந்தான். எவராலும் பறிக்க முடியாதவையும் அவையே. ஏழு பத்தொன்பது நூற்று முப்பத்துமூன்று என்பது ஊரில் எப்படியோ அப்படியே அந்த மர நிழலிலும் இருந்தது. வீடும் ஊரும் நிலையில்லை என்று கண்ட வயதில், நிலையானது ஒன்று உண்டு என்று எண் எமக்குக் காட்டிற்று. அத்தகைய செல்வத்திலே பொய்க்காசு கலக்க எமக்கு மனம் வரவில்லை.

பழைய மாணவராகிய அன்பர்களே, உங்கள் பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சையில் தாய்மொழி, கணிதம் ஆகிய இரண்டையும் கட்டாய பாடங்களாகக் கற்கின்றனர். தமிழில் வல்ல பிள்ளை கணிதத்தை வெறுப்பதையும், கணிதத்தில் வல்ல பிள்ளை தமிழை இகழ்வதையும் நாளும் காண்கின்றோம். ஒரு மாலைப் பொழுதில் அவர்களை அருகழைத்து, 1330 என்னும் எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். தோடம்பழங்களை அடுக்கட்டும், கட்டம் வரையட்டும், காரணிகளைத் தேடட்டும். 38 ஐயும் 70 ஐயும் கண்டு மகிழும்பொழுது, 25 ஐயும் தேடுமாறு மறவாது கூறுங்கள். அம்மாணவன் இன்று பல்கலைக்கழகத்திற் பயில்கின்றான். இரண்டாமிடத்துக்குரிய சான்றிதழைவிட அந்த 25 ஐயே தான் நினைவில் வைத்திருப்பதாக அண்மையில் எமக்குக் கூறினான்.

தமிழில் எண்ணுதல் என்னும் சொல் கணக்கிடுதலையும் குறிக்கும்; சிந்தித்தலையும் குறிக்கும். இரண்டையும் ஒன்றாகக் கற்பிக்கும் கலாசாலையாக நம் கல்லூரி மேலும் பல விழாக்களைக் கண்டு நீடு வாழ்க.